அம்மாவின் திவசம்

ஷார்ஜா
22.2.1981

அன்புள்ள மைமூன் அக்காவுக்கு,

தம்பி சிக்கந்தர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நான் சுகம். நீ, மச்சான், அம்மா மூன்று பேருக்கும் அதே சுகத்தை வைத்திருக்க துஆ செய்கிறேன். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது? கண் மங்கல் என்று எழுதியிருந்தாயே, இப்போது பரவாயில்லையா?

என் தமிழில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவனுக்கு அத்தா வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழ் இவ்வளவுதான் ஏறியது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் கம்பெனி ஸ்டோரில் எகிப்துக்காரர் ஒருவர் இருக்கிறார், ஃபத்ஹி என்று பெயர். அவர்கள் நாட்டில் மார்ச் 21ஆம் தேதி அம்மாக்களுக்கு என்று ஒரு நாள் உண்டாம். ஈதுல் உம்ம், அதாவது அம்மாப் பெருநாள் என்று சொல்கிறார். அன்றைக்கு எங்கே இருந்தாலும் அம்மாவுக்குத் துணி, சென்ட், இனிப்பு என்று ஏதாவது அனுப்பிவிடுவார்கள். இங்கே கடைகளிலெல்லாம் இப்போதே பூப்போட்ட அட்டை வைத்துவிட்டான். ஃபத்ஹி அவர் அம்மாவுக்கு அட்டை எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நமக்கும் இப்படி ஒரு நாள் இருந்தால் என்ன என்று தோன்றியது.

அரபிகளே கொண்டாடும்போது நாம் கொண்டாடுவதில் தவறு இருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் நீ அரபி டீச்சர். உன்னைக் கேட்காமல் செய்தால் அப்புறம் எட்டுப் பக்கத்துக்குத் திட்டி எழுதுவாய். அதனால் சரி என்று ஒரு வார்த்தை மட்டும் எழுது.

லீவு விஷயம் அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்கு என் சலாம் சொல்லவும்.

வஸ்ஸலாம்,
சிக்கந்தர்


மட்டாஞ்சேரி
6.3.1981

அன்புத் தம்பி சிக்கந்தருக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அக்கா மைமூன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் ஆண்டவன் காவலில் இருக்கிறோம். மச்சானுக்கு இருமல் விட்டது. சாயாவுக்குச் சர்க்கரை போதாது என்று காலையில் என்னோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு அம்மா நன்றாக இருக்கிறாள்.

சரி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாய். இருபது வருஷமாக ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு அலிஃப், பே என்று அரபி எழுத்து சொல்லிக்கொடுத்துத் தொண்டை தேய்ந்தவளிடம் ஒரு வார்த்தையில் பதில் வாங்கிவிடலாம் என்று எப்படியடா நினைத்தாய்?

நமக்குப் பெருநாள் இரண்டு. நோன்புப் பெருநாள் ஒன்று, ஹஜ்ஜுப் பெருநாள் ஒன்று. மூன்றாவதாக ஒன்றை உன் ஸ்டோர்க்காரர் கொண்டுவந்தால் நான் அதற்குப் புதுச்சேலை எடுக்க மாட்டேன். அரபி பேசுகிறவன் செய்வதெல்லாம் தீன், நம் மார்க்கம் ஆகிவிடாது. அங்கே சினிமாப் பாட்டுப் பாடுகிறவனும் அரபியில்தான் பாடுகிறான்.

ஒருவர் ரசூலுல்லாஹ்விடம் வந்து, நான் யாரோடு மிகவும் நல்லபடி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். உன் தாயோடு என்றார்கள். அப்புறம் யாரோடு என்றார். அப்போதும் தாய். மூன்றாம் தடவையும் தாய். நாலாம் தடவைதான் தகப்பன். அத்தா இருந்தபோது இதை நான் வீட்டில் சொல்லும்போதெல்லாம், நாலாவது இடமாவது கொடுத்தார்களே என்று சிரிப்பார், ஞாபகம் இருக்கிறதா? அங்கே தேதி கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. இன்னொருவர் போருக்குப் போக உத்தரவு கேட்டு வந்தார். உனக்குத் தாய் இருக்கிறாளா என்று கேட்டார்கள். இருக்கிறாள் என்றதும், போய் அவளோடு இரு, சொர்க்கம் அவள் காலடியில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போருக்குப் போக வந்தவருக்கே இந்தப் பதில் என்றால், ஷார்ஜாவில் ஸ்டோர் சாமானுக்குச் சீட்டு எழுதப் போனவருக்கு என்ன பதில் என்று நீயே யோசித்துக்கொள்.

பரிசு கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. 20ஆம் தேதி கொடு, 22ஆம் தேதி கொடு. தேதியைப் பெருநாளாக்காதே, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, எப்போது வருகிறாய் என்று எழுதியிருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். ஆறு வருஷமாகிறது தம்பி.

வஸ்ஸலாம்,
உன் அக்கா
மைமூன்


மட்டாஞ்சேரி
22.3.1981

சிக்கந்தருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் நேற்று நடந்ததைக் கேள்.

நேற்றுச் சனிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. லுஹர் தொழுதுவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. ஆலுவாவிலிருந்து ஒரு சமையல் பண்டாரியும் ஆட்களும் இரண்டு அண்டா நெய்ச்சோற்றை இறக்கினார்கள். பின்னால் சாம்பிராணித் தட்டும் கையுமாக ஒரு முஸ்லியார். அவருக்கும் பின்னால் உன் கலூர் சிநேகிதன் வைத்தீஸ்வரன். பேங்க்கிலிருந்து நேராக வந்திருக்கிறான் போல. படி ஏறாமல் வாசலிலேயே நிற்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது.

என்ன வைத்தி என்றேன். அவன் உடைந்துபோனான். "அம்மா போய் ஒரு வருஷமாச்சுன்னு நேக்கு ஒருத்தரும் சொல்லலையே அக்கா" என்று தேம்பினான்.

நான் யாருடைய அம்மா என்று கேட்பதற்குள், சத்தம் கேட்டு நம் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு முகம் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். வைத்தியா, ஏன் வாசலிலேயே நிற்கிறாய், உள்ளே வா என்றாள். வைத்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். மச்சான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முஸ்லியார் பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யார் பேரில் யாசீன் ஓத வேண்டும், மவுத்தானது யார் என்று அம்மாவிடமே கேட்டார். அம்மாவுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "எனக்குத்தான் ஓத வந்தீங்க. வந்தது வந்துட்டீங்க, இருக்கறப்பவே ஓதிடுங்க, என் காதாலயே கேட்டுக்கறேன்" என்றாள்.

வைத்தி நீ எழுதிய கடிதத்தைக் காட்டினான். என்னிடம் அபிப்பிராயம் கேட்ட அதே நாளில் அவனுக்கும் எழுதியிருக்கிறாய். கள்ளன். அதில் உன் தங்கத் தமிழில் என்ன இருந்தது தெரியுமா? "21ஆம் தேதி அம்மாவின் திவசம். என்னால் வர முடியாது. என் பேரில் நாற்பது பேருக்கு நெய்ச்சோறு ஏற்பாடு செய்து வீட்டில் சேர்த்துவிடு. அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லாதே, சங்கடப்படுவாள்."

அட மடையா, மலையாளத்தில் திவசம் என்றால் நாள். தமிழில், அதுவும் வைத்தி வீட்டுத் தமிழில், திவசம் என்றால் செத்தவர்களுக்கு வருஷா வருஷம் கொடுப்பது. அவன் பண்டாரியிடம் ஆண்டுச் சோறு என்று சொல்ல, பண்டாரி பொறுப்பாக முஸ்லியாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். உயிரோடு இருக்கிற தாய்க்கு ஃபாத்திஹா அனுப்பிய மகன் இந்தக் கொச்சியில் நீ ஒருவன்தான்.

சோற்றை என்ன செய்வது? தெரு முழுக்கக் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தோம். வைத்திக்குப் பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மி டீச்சரிடமிருந்து தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தேன். அம்மா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தான் உயிரோடு இருப்பது அவனுக்கு நன்றாக உறைக்கிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தாள்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "நாள் வைக்கறது மவுத்தானவங்களுக்குடி. இருக்கறவங்களுக்கு நாள் எதுக்கு? ஆள் வந்தாப் போதும்."

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

மைமூன்


ஷார்ஜா
8.4.1981

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைக் கேம்ப்பில் சத்தமாகப் படித்தேன். என் அறையிலிருக்கும் ஆறு பேரும் கட்டிலில் உருண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாகிவிட்டது. வைத்திக்குத் தனியாக எழுதி மாப்புக் கேட்டிருக்கிறேன், இந்தத் தடவை மலையாளத்தில். அம்மாவிடம் என் பேரில் மன்னிப்புக் கேள்.

ஆனால் நீ சொன்னதையெல்லாம் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நவம்பர் 14ஆம் தேதியும் பிள்ளைகள் தினம் என்று சட்டையில் ரோஜாப்பூக் குத்தி, கொடி பிடித்து, பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் மிட்டாய் கொடுப்பது யார்? நீதானே? பிள்ளைகளுக்கு நாள் இருக்கலாம், அம்மாவுக்கு இருக்கக் கூடாதா? ஓணத்துக்கு ஜெயலக்ஷ்மி டீச்சர் கொடுத்துவிடும் பாயசத்தைத் தூக்கில் மிச்சம் வைக்காமல் குடிப்பவள் எனக்குப் பெருநாள் கணக்குச் சொல்ல வேண்டாம்.

அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். ஆலுவாக்காரர் நாணு அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்த வருஷம் கம்பெனியில் வேலை மிகவும் அதிகம். லீவு கேட்டிருக்கிறேன், கிடைப்பது கஷ்டம்.

மச்சானுக்கு சலாம்.

சிக்கந்தர்


மட்டாஞ்சேரி
24.4.1981

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், வெயில் ஆரம்பித்திருக்கும்.

நவம்பர் 14க்குப் பதில்: அது சர்க்கார் வேலை. போகாவிட்டால் ஹெட்மாஸ்டர் ஆஜர் புத்தகத்தில் சுழித்துவிடுவார். அதை நான் ஈத் என்று சொன்னதும் இல்லை, அதற்காகத் தொழுததும் இல்லை. பாயசத்துக்குப் பதில்: பக்கத்து வீட்டுக்காரர் மனசோடு கொடுப்பதை வாங்கிக் குடிப்பதும் தீன்தான். போதுமா?

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. இதில் விளையாட்டு இல்லை.

போன வாரம் அம்மாவை எர்ணாகுளத்துக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இடது கண் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்தால் பார்வை கிடைக்கும். இந்த வருஷத்துக்குள் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணும் போய்விடும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

நான் அடுத்த வாரமே நாள் வாங்கியிருப்பேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பயமா என்று கேட்டேன். பயமில்லையாம். கண்கட்டு அவிழ்க்கும்போது முதலில் பார்க்க வேண்டிய முகம் ஒன்று இருக்கிறதாம். அது வந்த பிறகுதான் கட்டிலில் ஏறுவாளாம். மச்சான் சொல்லிப் பார்த்தார், டாக்டர் சொல்லிப் பார்த்தார், வைத்தி வந்து சொல்லிப் பார்த்தான். யார் சொன்னதையும் அவள் காதில் வாங்கவில்லை. நீ இங்கே இருந்தபோது உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அத்தா கேட்பார். இங்கிருந்துதான்.

ஆகையால் சேலை வேண்டாம். அவளுக்கு இப்போது நிறம் தெரியாது. நீ வா.

மைமூன்


ஷார்ஜா
20.5.1981

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம், சுகமறிய எழுதவும்.

கடிதம் கிடைத்தது. மனசு சரியில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்லி எப்படியாவது சம்மதிக்க வை. நாணுவிடம் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கம்பெனியில் லீவு தர மாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்ய?

சிக்கந்தர்


மட்டாஞ்சேரி
14.6.1981

சிக்கந்தருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம்.

நாணு வந்தார். சேலை, மருந்து எல்லாம் சேர்ந்தது. நல்ல மனுஷர். சாயா குடித்துக்கொண்டே உன்னைப் பற்றி ஒரு பாடு புகழ்ந்தார். அவர் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது உனக்குக் கிடைத்த லீவை அவருக்கு விட்டுக்கொடுத்தாயாம். அதற்கு முன்னால் ஒரு தடவை தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் கல்யாணத்துக்கும் விட்டுக்கொடுத்தாயாம். சிக்கந்தர் மாதிரி ஒருவரைப் பார்க்க முடியாது, மூன்று தடவை லீவு வந்தும் ஊருக்குப் போகாதவர் என்றார். அவர் பெருமையாகத்தான் சொன்னார். நான் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

நல்லவேளை, அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏன் பொய் எழுதினாய்? அங்கே யாரையாவது கல்யாணம் செய்துகொண்டாயா? செய்திருந்தால் சொல், அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஏதாவது வழக்கில் மாட்டிக்கொண்டாயா? அதையும் சொல். என்மேல் கோபமா, மச்சான்மேல் கோபமா? ஒவ்வொன்றாக யோசித்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. எகிப்துக்காரர் அம்மாவுக்கு அழுததைப் பார்த்துக் கரைந்துபோகிறாய். உன் அம்மா இங்கே கண்ணை உனக்காகப் பிடித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பார்க்க வர மாட்டாய். இது எந்தக் கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

உண்மையை எழுது. நோன்புக்கு முன்னால் எழுது.

மைமூன்


மட்டாஞ்சேரி
6.8.1981

சிக்கந்தருக்கு,

நோன்பும் போய்விட்டது, பெருநாளும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெருநாள் தொழுகை முடிந்து தெருவில் யார் பையன் வந்து சலாம் சொன்னாலும் அம்மா அவன் கையைத் தடவிப் பார்க்கிறாள். இதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

மைமூன்


ஷார்ஜா
27.8.1981

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

கல்யாணமும் இல்லை, வழக்கும் இல்லை. உங்கள் யார்மேலும் கோபமும் இல்லை.

நான் ஊரைவிட்டு வந்த அன்றைக்கு உன்னால் பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று வர முடியவில்லை. மட்டாஞ்சேரி போட் ஜெட்டிக்கு அம்மா மட்டும் வந்தாள். என்னோடு எர்ணாகுளம் வரைக்கும் வருவதற்குக் காலேஜ் சிநேகிதர்கள் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் புது பேண்ட், புதுச் சட்டை, கூலிங்கிளாஸ். அம்மா வீட்டு வேலைக்கு நடுவில் அப்படியே ஓடி வந்திருந்தாள். முந்தானை ஈரமாக இருந்தது, மீன் வாடை அடித்தது. எல்லோருக்கும் முன்னால் என் தலையைப் பிடித்து இழுத்து அந்த முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது மாதிரி. யாரோ ஒருவன் சிரித்தான். நான் அவள் கையைத் தட்டிவிட்டு, "சீ, விடும்மா" என்றேன்.

அவள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். போட் கிளம்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. இங்கே வந்து ஒரு வருஷம் கழித்து, ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் கேம்ப்பில் ஒரு தமிழ் ஹஜ்ரத் பயான் செய்தார். பெற்றோரைப் பற்றிய குர்ஆன் ஆயத்துக்கு அர்த்தம் சொன்னார். அவர்களைப் பார்த்துச் சீ என்றுகூடச் சொல்லாதே என்று அல்லாஹ் சொல்கிறான் என்றார். சரியாக அந்தச் சொல் அக்கா.  எத்தனையோ சொல் இருக்க, நான் சொன்ன சொல்லே குர்ஆனில் இருக்கிறது.

அதற்குப் பிறகு லீவு வரும்போதெல்லாம் எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பது என்று தோன்றும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். பணமும் சேலையும் அனுப்பினேன். ஒரு நாள் முழுக்க ஊரே கூடி அவளைப் பெருமைப்படுத்தினால் அந்த ஒரு சொல் அழிந்துபோகும் என்று நினைத்துத்தான் மார்ச் 21ஐப் பிடித்துக்கொண்டேன். அது எப்படி முடிந்தது என்று உனக்கே தெரியும்.

இப்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதற்காகக் கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எழுதுகிறாய். என் முகத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

சிக்கந்தர்


மட்டாஞ்சேரி
15.9.1981

என் அன்புத் தம்பி சிக்கந்தருக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் உன் மனசுக்கு ஆறுதல் தரட்டும்.

படித்துக் காட்டாதே என்று எழுதியிருந்தாய். சலாமையும் சுகத்தையும் படித்துவிட்டு நிறுத்தினேன். அம்மா விடவில்லை. கடிதம் கனமாக இருக்கிறது, நாலு வரிக்கு இத்தனை தாள் எதற்கு, முழுதும் படி என்றாள். தாய் சொல்லைத் தட்டக் கூடாது என்று உனக்கே பாடம் எடுத்தவள் நான். படித்துவிட்டேன். மீதியை அவளே உனக்குச் சொல்வாள். நான் என் வேலையைச் சொல்கிறேன்.

உன் ஹஜ்ரத் சரியாகத்தான் சொன்னார். நீ பாதி ஆயத்தில் நின்றுவிட்டாய். சீ என்று அவர் அர்த்தம் சொன்ன "உஃப்" என்ற சொல்லுக்கு முன்னால் "இன்தக" என்று ஒரு சொல் இருக்கிறது. உன்னிடத்தில் என்று அர்த்தம். உன்னிடத்தில் அவர்கள் முதுமை அடைந்தால் சீ என்று சொல்லாதே என்றுதான் ஆயத் போகிறது. பெற்றவள் உன்னிடத்தில் இருந்து வயசாக வேண்டும், அது முதலில். ஒரு தடவை சீ சொன்னதற்குப் பயந்து ஆறு வருஷமாக அந்த முதல் சொல்லை விட்டுவிட்டாய். இருபது வருஷம் அரபி சொல்லிக்கொடுத்ததில் என் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துபோனேனே என்று எனக்கே வருத்தம்.

நேற்றுச் சாயங்காலம் அம்மா என் பேனாவைக் கேட்டு வாங்கினாள். சின்ன வயசில் ஓதிக்கொடுத்த ஆலிமா அவளுக்கு அரபுத் தமிழ் எழுதப் பழக்கியிருக்கிறாராம். நம்மிடம் இத்தனை வருஷம் சொன்னதே இல்லை. அரபி எழுத்தில் தமிழ். உனக்கு இப்போது தமிழ் எழுத்தைவிட அரபி எழுத்து நன்றாக வரும் என்பது அவள் கணக்கு. தாளை மூக்கோடு ஒட்டிவைத்து மஃரிப் தொழுகை நேரம் வரைக்கும் எழுதினாள். என்னைப் பார்க்க விடாமல் மடித்துக் கொடுத்தாள். அப்படியே உள்ளே வைக்கிறேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று இனி யாரிடமும் சொல்லாதே.

வஸ்ஸலாம்,
அக்கா மைமூன்


(அதற்குள் மடித்து வைத்திருந்த தாள்)

மவனே சிக்கந்தர்,

அம்மா எழுதறேன். நல்லா இருக்கியா? வரி கோணும், கண்ணு அப்படி.

நீ சீன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். ராத்திரி சோறு திங்கல.

அடுத்த நாள் கிணத்தடியில பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் அவ பிள்ளைக்குக் கழுவி விட்டுட்டு இருந்தா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு சீச்சீன்னு சொல்லிச் சொல்லிக் கழுவினா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நாலு வயசு வரைக்கும் உனக்குக் கழுவி விட்டவ நான்தான். ஒரு தடவையாவது சீ சொல்லாமக் கழுவியிருப்பேனா? நான் சொன்ன சீயெல்லாம் எத்தனை இருக்கும். நீ சொன்னது ஒண்ணு. அதுக்குப் போய் ஆறு வருஷமா?

அன்னைக்கே மன்னிச்சாச்சு. உன்கிட்டச் சொல்லணும்னு தோணல. நீ மறந்திருப்பேன்னு நினைச்சேன்.

உன் முகத்தில பார்க்க என்ன இருக்குன்னு கேட்டிருக்கே. நான் துடைச்சு விட்ட முகம்டா அது. பாதி துடைக்கறதுக்குள்ள தட்டி விட்டுட்டுப் போயிட்டே. மீதி பாதி இருக்கு. வா.

உன் அம்மா


ஷார்ஜா
21.10.1981

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. முடித்த பிறகு வெளியே போய் மணலில் உட்கார்ந்துகொண்டேன். ஃபத்ஹி வந்து என்னவென்று கேட்டார், சொன்னேன். எனக்கு மீதியிருந்த லீவுக்குச் சீட்டு எழுதவைத்து, அவரே அதை மானேஜரிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

டிக்கெட் கிடைத்துவிட்டது. பம்பாய் வந்து ரயில் ஏறுகிறேன். அடுத்த மாதம் 14ஆம் தேதி சனிக்கிழமை காலையில் எர்ணாகுளம். டாக்டரிடம் அதற்கு அடுத்த வாரம் நாள் வாங்கிவிடு. ஜெட்டிக்கு யாரும் வர வேண்டாம், நானே போட் பிடித்து வந்துவிடுவேன். அம்மா மட்டும் வந்தால் போதும்.

சிக்கந்தர்


மட்டாஞ்சேரி
29.10.1981

அன்புத் தம்பிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ். உன் பயணம் சுகமாக அமையட்டும். டாக்டரிடம் 18ஆம் தேதிக்கு நாள் வாங்கியாயிற்று. அம்மா மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினாள். ஜெட்டிக்கு அவளை மச்சான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவார். எந்தச் சேலையோடு வருவாள் என்று கேட்காதே. மீன் கழுவிவிட்டுத்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

நான் வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகும். தேதியைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தாயா, இல்லையா? நவம்பர் 14. சனிக்கிழமையானாலும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஊர்வலம் உண்டு. ரோஜாப்பூவும் மிட்டாயும் என் தலையில்.

இதை அம்மாவிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அது என்ன நாள் என்று கேட்டாள். பிள்ளைகள் தினம் என்றேன். பிள்ளைகளுக்கு என்று ஒரு நாளா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஆலுவா பண்டாரிக்கு ஆள் அனுப்பு, நாற்பது பேருக்கு நெய்ச்சோறு வேண்டும், வைத்தியையும் வரச் சொல், இந்தத் தடவை அழ வேண்டாம் என்று சொல் என்கிறாள்.

பிள்ளைகள் தினத்துக்கு நெய்ச்சோறு போடச் சொல்லி நம் தீனில் எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்வது அம்மா. வாயை மூடிக்கொண்டு பண்டாரிக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா மைமூன்